மூடாமன்னரின் நினைவகம்

மூடிகள் எதற்காகப் படைக்கப்பட்டன என்ற கேள்வி அந்த வரைபடக்காரரின் மனத்தில் ஒருநாளும் எழுந்ததில்லை. வீடு கட்டுவோருக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். அறைக்கு அறை கதவு வைத்து வரையும் அந்தக் கை, சொந்த வீட்டில் ஒரு கதவைக்கூடச் சாத்தியதில்லை. அலமாரி வாய் பிளந்து நிற்கும். பற்பசை மூடியின்றிக் காயும். பேனா திறந்தபடியே சட்டைப்பையில் மை கக்கும். அவர்களோடு தங்கி வேலைக்குப் போய்வந்த மனைவியின் தங்கை, அவருக்கு 'மூடாமன்னர்' என்று முடிசூட்டியிருந்தாள். அவரும் அந்தப் பட்டத்தைப் பெருமையாகவே சுமந்தார்.

மடிக்கணினியிலும் அதே ஆட்சிதான். பகலில் அவரும் மாலையில் மைத்துனியும் பகிர்ந்துகொண்ட அந்தப் பழைய கணினியில், என்றோ கட்டி முடித்துக் குடியேறிவிட்ட வீட்டின் படம்கூடத் திறந்தே கிடக்கும். ஒருநாள் அது, 'நினைவகம் போதவில்லை' என்று திரையில் காட்டிவிட்டு நத்தைபோல் ஊரத் தொடங்கியது.

நினைவகம் என்றால் கணினி சேர்த்து வைத்திருப்பவை அனைத்தும் என்று அவர் பொருள் கொண்டார். சுமையைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணி, இருப்பவற்றில் பருத்த கோப்புறையைத் தேடினார். 'கதவுகள்' என்ற பெயரில் ஒன்று கொழுத்துக் கிடந்தது. தாம் எப்போதோ வரைந்த கதவு மாதிரிகள்தாம் என்று முடிவுகட்டி அழித்தார், கணினியின் குப்பைத்தொட்டியையும் காலிசெய்தார். எதையும் திறந்து போடுகிறவர், அதை மட்டும் திறந்து பார்க்கவில்லை.

கணினி அப்போதும் முரண்டு பிடிக்கவே, புதிது வாங்கக் கடைக்குப் போனார். நினைவகம் எட்டு ஜிபியா, பதினாறா, முப்பத்திரண்டா என்று கடைக்காரர் கேட்டார். அது உள்ளிருக்கும் மின்பலகையோடு ஒட்டியே வருவதால் பின்னால் கூட்ட முடியாதாம். கையிலிருக்கும் தொகைக்கு நினைவகத்தைக் கூட்டினால் சேமிப்பகம் குறையுமாம். இரண்டும் வேறு வேறா என்ற ஐயம் அவருக்கு அங்கேதான் முளைத்தது. கேட்கக் கூச்சப்பட்டு, யோசித்துச் சொல்வதாகத் திரும்பிவிட்டார்.

அன்று மாலை கணினியின் முன் அமர்ந்த மைத்துனி வெகுநேரம் எழவில்லை. வானொலி நாடகங்களுக்கு ஒலி சேர்ப்பது அவள் வேலை. முதன்முறையாக ஒரு முழு நாடகத்தை அவளை நம்பிக் கொடுத்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் பேசாமல் கதவைச் சாத்தியே சண்டை போடும் குடும்பத்தின் கதை அது. அதற்காக வீடு வீடாகப் போய், கதவும் இழுப்பறையும் பெட்டியும் மூடும் ஓசைகளைப் பிடித்து வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

"அத்தான், 'கதவுகள்'னு ஒண்ணு வெச்சிருந்தேன். பாத்தீங்களா?"

அவர் திரையை எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்தார். "பழைய மெஷினும்மா... அதுவே முழுங்கியிருக்கும்."

அவள் அதை நம்பவில்லை. தானேதான் எங்கோ மாற்றி வைத்துத் தொலைத்துவிட்டோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் அவரைத் திட்டியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திராது.

மறுநாள் வேலையே ஓடவில்லை. தமக்கு எவ்வளவு நினைவகம் தேவைப்படும் என்று கணினியையே குடைந்தவர், நினைவகம் எவ்வளவு செலவாகிறது என்று காட்டும் பட்டை ஒன்று அதிலேயே இருக்கக் கண்டார். ஒரு வரைபடத்தைத் திறந்தார், பட்டை ஏறியது. மூடினார், இறங்கியது. அவருக்கு வேடிக்கையாக இருந்தது. இன்னொன்றைத் திறந்தார், அதன்மேல் இன்னொன்று. அடுப்பில் பால் பொங்குவதைப் பார்ப்பவர்போல் கண் கொட்டாமல் பார்த்தார். பிறகு ஒரு பெரிய கோப்பைச் சும்மா உள்ளே கொண்டுவந்து போட்டார். சிறிது பொறுத்து அதை அழித்தும் பார்த்தார். பட்டை முன்பு நின்ற இடத்திலேயே நின்றது.

நினைவகம் என்பது அந்தந்த நேரத்தில் திறந்து கிடப்பவற்றுக்கான இடம் என்று அப்போது விளங்கியது. உள்ளே உறங்குபவை அதைத் தீண்டுவதே இல்லை. கணினியை மூச்சுத்திணற வைத்தவை மைத்துனியின் கதவுகள் அல்ல, அவர் சாத்தாமல் விட்டவை. முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே காய்ந்தது. வேண்டாததையெல்லாம் மூடிவிட்டுப் பட்டையைப் பார்த்தார். பதினாறே தாராளம்.

அவள் வேலையிலிருந்து திரும்பிச் செருப்பைக் கழற்றும்போதே எதிரில் போய் நின்றார்.

"மெஷின் முழுங்கலம்மா. நான்தான் அழிச்சேன். என்னோடதுன்னு நெனச்சேன், திறந்துகூடப் பாக்கல. நேத்து பொய் சொன்னேன்."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "நேத்தே சொல்லியிருந்தீங்கன்னா, நான் என்னையே திட்டிக்காம தூங்கியிருப்பேன் அத்தான்."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "இந்த வீட்ல அவர் மூடுன ஒரே கதவு உன்னோடதுதான்டி."

அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் பதினாறோடு புதுக் கணினி வந்தது. மிச்சத் தொகை முழுவதும் சேமிப்பகத்துக்குப் போயிருந்தது. அதில் முதல் கோப்புறையாகக் 'கதவுகள்' என்று எழுதி, திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தார். தாம் வரைந்து கொடுத்த வீடுகளின் சொந்தக்காரர்களிடம் பேசி, ஒலி பிடிக்க வரலாம் என்ற சம்மதமும் வாங்கியிருந்தார். அவள் முன்பு ஓசை பிடித்திருந்த பக்கத்து வீட்டு இரும்புக் கதவை மட்டும் அதற்குள் கழற்றி விற்றுவிட்டார்கள். அந்தக் கிறீச்சொலிக்கு அவரிடம் ஈடு இல்லை, அதையும் ஒப்புக்கொண்டார்.

"எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்?" என்றார்.

அவள் ஒலிவாங்கியை நீட்டினாள். அவர் அலமாரியைச் சாத்தினார். இன்னும் மெதுவாக என்றாள். பிறகு கோபமாக, பிறகு திருடன்போல. குளியலறை, இழுப்பறைகள், மாவு டப்பா என்று வீடு முழுவதும் அவள் பின்னால் போய், அத்தனை நாள் திறந்து போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக மூடினார். கடைசியில் அவள் அவருடைய சட்டைப்பையைச் சுட்டிக்காட்டினாள்.

அவர் பேனாவை எடுத்தார். மூடியை எங்கே வைத்தோம் என்று தேடத் தொடங்கினார். அவள் ஒலிவாங்கியை இறக்காமல் காத்திருந்தாள்.