மதிலில் ஏறிய பெயர்

கொடிகாமம் சந்தை மதிலில் திங்கட்கிழமை காலை ஒட்டிய மல்யுத்த நோட்டீஸின் ஆகக் கடைசி வரியில் இருந்த பெயர், செவ்வாய் மத்தியானம் முதல் வரிக்கு வந்திருந்தது. கிழித்து மாற்றி ஒட்டிய அடையாளம் எதுவும் இல்லை. கடதாசி அதே கடதாசி, பசை அதே பசை. முதல் வரியில் இருந்த 'தென்மராட்சிச் சிங்கம் சுபாஸ்கரன்' இரண்டாம் வரிக்கு இறங்கியிருந்ததுடன் எழுத்தும் கொஞ்சம் சிறுத்திருந்தது. தேங்காய் விலை ஒரே கிழமையில் இரண்டு தரம் ஏறியிருந்த காலம் அது. சந்தைக்கு வந்தவர்கள் நோட்டீஸை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தேங்காயைப் பற்றியே கதைத்தார்கள்.

போட்டிகளை நடத்தியவர் நவரட்ணம், பாடசாலை ஒன்றில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அச்சகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டார். அச்சகத்தார் மூலப்பிரதியை எடுத்துக் காட்டினார்கள். அதில் பெயர்கள் சரியான ஒழுங்கில்தான் இருந்தன. அடுத்த கிழமை நவரட்ணம் மதிலுக்கு எதிரே ஒரு வாங்கைப் போட்டுக் காலை எட்டு மணியிலிருந்து குந்தியிருந்தார். பத்தரை மணி வெயிலில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கவே, கடைசி வரியில் இருந்த 'ஓவசியர்' என்ற பெயர் நத்தை போல மேலே ஏறியது. இடையில் இருந்த பெயர்கள் பஸ்ஸில் ஆட்கள் ஒதுங்குவது போல ஒதுங்கி வழிவிட்டன. அன்றிலிருந்து அவர், பெயர்களை எந்த ஒழுங்கில் என்றாலும் அச்சடியுங்கள் என்று அச்சகத்துக்குச் சொல்லிவிட்டார்.

மல்யுத்தம் சனிக்கிழமைகளில் பின்னேரம் நாலு மணிக்கு, சந்தைக்குப் பின்னால் இருந்த வெறுங்காணியில் நடந்தது. லொறி டயர்களை அடுக்கி, மேலே தும்பு மெத்தை போட்டு, அதன்மேல் நீலத் தறப்பாளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். யார் வெல்வது, யார் விழுவது என்பதை வெள்ளிக்கிழமையே பேசி வைப்பார்கள். சனத்துக்கும் அது தெரியும். கோயிலில் சூரன்போர் பார்க்கப் போகிறவர்களுக்கும் முடிவு தெரியும்தானே என்று யாரும் அதைக் குறையாக எடுக்கவில்லை.

வெல்கிறவன் எப்போதும் சுபாஸ்கரன்தான். தேங்காய் மூட்டைகளை லொறியில் ஏற்றி ஏற்றித் திரண்ட தோள்கள் அவனுக்கு. முகமும் லட்சணமான முகம். அவனிடம் விழுகிறவன் கொழும்புத்துறையைச் சேர்ந்த ஜொனதன்; மேடையில் அவனுக்கு 'ஓவசியர்' என்ற பெயரும் அரசாங்க உத்தியோகத்தர் வேஷமும். ஒல்லியான அந்த ஆள் வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டு, கக்கத்தில் குடையும் கையில் ஃபைலுமாக வருவான். மேடைக்கு ஏறுமுன் நாடா பிடித்து, சுற்றிக் கட்டிய கயிற்றின் நீளத்தை அளப்பான். பிறகு முன்வரிசைக்குப் போய், கச்சான் கடலை சுற்றிய கடதாசியைக்கூட வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உதிலை ஒரு புள்ளி குறையுது. நாளைக்கு வாங்கோ," என்று முகத்தைப் பார்க்காமலே திருப்பிக் கொடுப்பான். அவ்வளவுதான். ஐந்நூறு சனமும் எழுந்து நின்று ஏசும். காணிக்கும் ஓய்வூதியத்துக்கும் பிறப்புப் பத்திரத்துக்கும் என்று கந்தோர் கந்தோராக அலைந்தவர்கள், அங்கே ஒரு நாளும் திறக்காத வாயை இங்கே திறந்தார்கள்.

சுபாஸ்கரனுக்கு இது விளங்கவில்லை. தண்டால் கூடுதலாக எடுத்தான், உடம்புக்கு எண்ணெய் பூசினான், ஒரே நேரத்தில் இரண்டு பேரைத் தூக்கிச் சுழற்றப் பழகினான். ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் அவனுடைய பெயர் மதிலில் ஒரு சுற்றுச் சிறுத்தது. ஆனி மாதமளவில் அதை வாசிக்கக் கண்ணாடி தேவைப்பட்டது. கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை செய்யும் அவன் மனைவி தனுசியாவிடம் ஒருநாள் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டான், தன்னில் என்ன குறை என்று.

"நீங்கள் வெல்லேக்கை எனக்குச் சந்தோசம்தான்," என்றாள். "ஆனா அவன் விழேக்கைதான் மனம் ஆறுது."

அது அவனுக்குச் சுட்டுவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய மைதானத்தில் போட்டி வைக்கப்போகிறோம், மதிலில் யாருடைய பெயர் மேலே நிற்கிறதோ அவருடைய படத்தைத்தான் போடுவோம் என்று நவரட்ணம் சொன்னதும் அந்தக் கிழமையில்தான். சனிக்கிழமை சுபாஸ்கரன், பேசி வைத்தபடி மெத்தையின் நடுவில் போடாமல், ஜொனதனை விளிம்பில், டயர் இல்லாத பக்கமாக உண்மையாகவே அடித்துப் போட்டான். தோள்மூட்டு கழன்ற சத்தம் அவனுக்கு மட்டும் கேட்டது. அந்த நொடியிலேயே அவனுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. கீழே கிடந்த ஜொனதனின் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனால் அவன் நல்ல கையால் ஃபைலைத் தடவி எடுத்து, "இந்த அடிக்கு அனுமதி எடுத்தனீரோ?" என்று கேட்டான். காணி முழுக்கச் சிரித்தது. நடந்தது உண்மையான அடி என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் தோள்மூட்டைச் சரியாக்கிக் கட்டியபின், சுபாஸ்கரன் ஓட்டோ பிடித்து அவனை வீட்டுக்குக் கூட்டிப்போனான். நாவற்குழிப் பாலத்தில் சுபாஸ்கரன், வேண்டுமென்றே செய்ததாக ஒப்புக்கொண்டான். ஜொனதன் தெரியும் என்றான். அப்படியென்றால் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை?

"காட்டிக்குடுத்தா ஆட்டம் நிண்டிடுமண்ணை," என்றான் ஜொனதன். "என்ரை அண்ணன் கடைசி யுத்தத்திலை காணாமப் போனவன். அம்மா அவன்ரை கடதாசியளைக் கொண்டு பதினஞ்சு வரியமா ஏறி இறங்குறா. நானும் கூடப் போறனான். எல்லா ஐயாமாரும் நாளைக்கு வரச் சொல்லுவினம். அம்மா ஒருத்தரையும் ஒரு சொல் பேசினதில்லை, கும்பிட்டிட்டு வருவா. இப்ப சனிக்கிழமையிலை முன்வரிசையிலை இருந்து என்னைத் திட்டுறா. நானெண்டு தெரிஞ்சுதான் திட்டுறா. திட்டினாப் பிறகு வீட்டை வந்து வடிவாச் சாப்பிடுறா."

அந்தத் தாயின் பெயர் சீலா. தேவாலயத்துக்குப் போகிற வெள்ளைச் சேலையுடன் வாசலில் நின்றவர், மகனின் கட்டைப் பார்த்தார், சுபாஸ்கரனைப் பார்த்தார், தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார்.

ஜொனதன் ஆறு கிழமை வரவில்லை. அவனுடைய பெயரை அச்சடிக்கவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு செவ்வாயும் மத்தியானத்துக்கு முன், 'ஓவசியர்' என்ற பெயர் வெறுங் கடதாசியில் ஈரம் ஊறுவது போல ஊறி முதல் வரியில் வந்து நின்றது. சுபாஸ்கரன் வேறு ஆட்களோடு மோதி, நாற்பது பேருக்கு முன்னால் வென்றான். அந்த நாட்களில்தான் அவன் சனத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கப் பழகினான். யார் எப்போது மூச்சைப் பிடிக்கிறார்கள், யார் கை தட்டாமல் இருக்கிறார்கள் என்று பார்த்தான். தூக்கியவுடன் எறிந்துவிடாமல், தூக்கியபடி காத்திருக்கப் பழகினான்.

யாழ்ப்பாணத்துப் போட்டி ஆவணியில் நடந்தது. நாலாயிரம் பேர் வந்தார்கள். படத்தில் இருந்தது ஓவசியர்தான்; சுபாஸ்கரன் இப்போது அதைப் பொருட்படுத்தவில்லை. ஆட்டத்தின் கடைசியில், பேசி வைத்தபடி அவன் ஓவசியரைத் தலைக்குமேல் தூக்கினான். நோகாத தோள் பக்கமாகப் பிடித்தான். எறியவில்லை. முன்வரிசையில் இருந்த சீலாவைப் பார்த்து, "அம்மா, இவரை என்ன செய்யிறது?" என்று கேட்டான். இது பேசி வைத்ததல்ல.

மற்றவர்கள் போடு போடு என்று கத்தினார்கள். சீலா எழுந்து மேடைக்குக் கிட்ட வந்தார். வழக்கமாகத் திட்டுகிற மாதிரி அவர் திட்டவில்லை. தலைகீழாகத் தொங்கிய முகத்தை நிமிர்ந்து பார்த்து, "என்ரை மூத்தவன் எங்கை?" என்று கேட்டார்.

மெல்லிய குரல்தான். நாலாயிரம் பேருக்கும் பக்கத்தில் நின்று கேட்டது போலக் கேட்டது. அடுத்த ஒழுங்கையில் சைக்கிளில் போனவருக்கும் கேட்டதாம். ஓவசியரின் கையில் இருந்த ஃபைல் கீழே விழுந்தது.

"தெரியாதம்மா," என்றான் ஓவசியர். "உங்களை அலைய விட்டிட்டம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பதினைந்து வருடத்தில் எந்த மேசைக்குப் பின்னாலிருந்தும் சீலா அதைக் கேட்டதில்லை. அவர் தலையை ஒரு தரம் அசைத்தார். சுபாஸ்கரன் ஓவசியரை எறியாமல், நித்திரையான பிள்ளையைக் கிடத்துவது போல மெத்தையில் கிடத்தினான். மத்தியஸ்தர் மூன்று எண்ணினார். பின்வரிசைகளில் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். அவர்களுக்கும் கேட்க ஒரு கேள்வி இருந்தது.

திங்கட்கிழமை வழக்கம்போலக் கொடிகாமத்தில் புது நோட்டீஸ் ஒட்டினார்கள். செவ்வாய் மத்தியானம் அதன் முதல் வரியில், எவரும் அச்சடிக்காத 'சீலா' என்ற பெயர் கொட்டை எழுத்தில் நின்றது. அதற்குக் கீழே ஓவசியர். அதற்கும் கீழே, கண்ணாடி இல்லாமல் வாசிக்கக்கூடிய அளவில், சுபாஸ்கரன். நவரட்ணம் தேங்காய் லொறியடிக்கு வந்து, இனி என்ன செய்வது என்று அவனைக் கேட்டார்.

"என்னத்தைச் செய்யிறது, சேர்?" என்றான் அவன், முதுகில் மூட்டையோடு. "அவவுக்குக் கைபிடி வைச்ச கதிரை ஒண்டு போடுங்கோ."

சனிக்கிழமை மூன்றரை மணி பஸ்ஸில் சீலா வந்து இறங்கினார். முன்வரிசையில் தனக்குப் போட்டிருந்த கதிரையில் வசதியாக இருந்து, வலது கால் செருப்பைக் கழற்றி, ஓவசியருக்கு ஓங்கிக் காட்ட வசதியாக மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டம் தொடங்கும்வரை காத்திருந்தார்.