கருப்புக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் நடுவே

ஸ்பீக்கர் ஒயரை ஜன்னல் கம்பிக்கு இடையே வெளியே இழுத்தான் ராஜாராம். நீளம் பத்தவில்லை. உள்ளே போய்க் கம்ப்யூட்டர் மேசையையே தரதரவென்று ஜன்னலோரம் நகர்த்தினான். வாசல் பந்தலில் பேண்டு செட்டுக்காரர்கள் பெட்டியைத் திறந்து கிளாரினெட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சின் மேல் தேவராஜன் படுத்திருந்தார். தாடையைச் சுற்றிக் கட்டிய துணியில் அவருடைய கோணல் வாய் நேராகியிருந்தது. இத்தனை நாளும் நேராகாமல் இப்போது என்ன வந்தது இந்த வாய்க்கு என்று, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மனைவி லீலாவதிக்குக் கோபம் வந்தது.

"அண்ணி, அண்ணன் கட்டுன மெட்ட போட்டு வுடறேன். ரெண்டுவாட்டி கேட்டுக்கினா போதும், நம்ம ஆளுங்க புடிச்சிக்குவாங்க," என்றான் ராஜாராம் ஜன்னல் வழியாக. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செட் வைத்திருப்பவன். தேவராஜன் அவனிடம்தான் முதல் கிளாரினெட்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

திருப்புலிவனத்திலும் சுற்றுவட்டாரத்திலும் சாவு ஊர்வலம் என்றால் தேவராஜன் வாசிக்க வேண்டும். பிணம் தெருமுனை திரும்பும் இடத்தில் உதட்டைக் கொஞ்சம் தளர்த்துவார். சுரம் ஒரு நூல் கீழே இறங்கும். ஹார்மோனியத்தில் தேடினால் கிடைக்காது. கருப்புக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் நடுவே எங்கேயோ இருக்கும் சுரம் அது. அதுவரை பீடி பிடித்துக்கொண்டு சும்மா நடந்து வந்தவன்கூட அந்த இடத்தில் மூக்கைச் சிந்துவான்.

பக்கவாதம் வந்து வலது கையும் வாயும் இழுத்துக்கொண்டபோது, போனது சோறு அள்ளும் கை என்று ஊர் வருத்தப்பட்டது. அவர் வருத்தப்பட்டது உதட்டுக்கு. பக்கத்தில் நின்று காலமெல்லாம் கிளாரினெட் வாசித்த மணியாலும் அந்தச் சுரத்தைப் பிடிக்க முடியவில்லை. ஒன்று வழுக்கிக் கீழே போனது, இல்லையென்றால் மேலேயே நின்றது. வாசித்துக் காட்ட இவருக்கு வாய் இல்லை. வேறு ஆளாக இருந்தால் போனது போகட்டும் என்று கிடந்திருப்பார். இவர் காஞ்சிபுரம் போய், யாரோ கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை வாங்கி வந்து, அதில் சுரம் எழுதும் சாஃப்ட்வேரைப் போடவைத்தார். அசாத்தியமான மனுஷன் என்று லீலாவதி அன்றைக்கே நினைத்தாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள்.

அப்படி நடுவே நிற்கும் கால் சுரத்துக்கு அந்தச் சாஃப்ட்வேர் ஒரு குறி வைத்திருந்தது. ஆங்கிலச் சின்ன 'டி' மாதிரி இருக்கும். சுரத்துக்கு முன்னால் அதைப் போட்டு ஓடவிட்டால், குறி பாட்டுக்குக் குறி நிற்கும், கம்ப்யூட்டர் பாட்டுக்கு நேர் சுரத்தை வாசிக்கும்.

"எழுத மட்டும் தெரியுது, பாடத் தெரியல. இன்னா மிசினுடி இது?" என்று குழறிக் குழறித் திட்டினார்.

திட்டிவிட்டு விடவில்லை. எட்டாங்கிளாஸ் இங்கிலீஷை வைத்துக்கொண்டு, மடியில் டிக்ஷனரியோடு, அதன் ஹெல்ப் பக்கங்களை எழுத்தெழுத்தாகப் படித்தார். மழைக்காலம் போய் வெயில் வந்தபோது ஒரு நாள் வழி அகப்பட்டது. சுரத்தின் மேல் தட்டினால் ஒரு சின்னக் கட்டம் திறக்கும். அதில் இருக்கும் எண்ணைக் குறைத்தால் சத்தம் இறங்கும். ஆனால் இறங்கினது தானாக ஏறாது. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் அடுத்த சுரத்தில் பழைய எண்ணைத் திரும்பப் போட வேண்டும். மறந்தால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் இறங்கியே கிடக்கும்.

"இறக்குனா ஏத்தி வுடணும். மறந்துராத," என்று அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருப்பார். அவருடைய வலது கை இப்போது அவள்தான். மவுஸைப் பிடித்தது, எண் போட்டது எல்லாம் அவள். கேட்டுச் சொன்னது அவர்.

ஊர்வலத்துக்கென்றே ஒரு மெட்டு கட்டி, அதன் நடுவில் அந்தச் சுரத்தை வைத்தார். "என்னத் தூக்கறப்போ இது கேக்கணும்," என்றார். அவள் எழுந்து உலையில் அரிசி போடப் போய்விட்டாள்.

இப்போது ஸ்பீக்கரில் அந்த மெட்டு கிளம்பியது. செட்டில் யாருக்கும் எழுதிய சுரம் படிக்கத் தெரியாது, கேட்டுத்தான் வாசிப்பார்கள். மணி கண்ணை மூடிக்கொண்டு விரலை மட்டும் அசைத்தான். அந்த இடம் வந்தது. சுரம் இறங்கியது. மணி கண்ணைத் திறந்து பெஞ்சைப் பார்த்தான்.

ஆனால் அதற்குப் பின்னால் ஏதோ சரியில்லை. டிரம்பெட்காரர் கூடவே ஊதிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "சேரல நைனா. பின்னாடி மொத்தமும் இறங்கிக் கீது. டிரம்பெட்ல இது வராது."

ராஜாராம் மறுபடி ஓட விட்டான். மறுபடியும் அப்படித்தான்.

"அந்த ஒரு நோட்டாலதான் பேஜார்," என்றான். "அண்ணி, அத்த நேராக்கிட்டா எல்லாம் செரியாயிடும். அழிச்சிடட்டா? தூக்கற நேரமாய்க்கினு கீது."

லீலாவதிக்கு நேற்று மத்தியானம் என்ன நடந்தது என்று இப்போதுதான் புரிந்தது.

நேற்று அவருக்குப் பேச்சே இல்லை. கட்டிலை மேசையோரம் இழுத்துப் போட்டிருந்தாள். அந்தச் சுரம் இன்னும் அவருக்குத் திருப்தியாகவில்லை. இடது கை ஆள்காட்டி விரலைக் கீழே அசைப்பார். அவள் எண்ணைக் குறைப்பாள். மேலே அசைப்பார், கூட்டுவாள். கண் சொருகிச் சொருகிப் போனது. போதும் என்று அவர் கையை அவள் பிடித்தாலும் அவர் விடவில்லை. கடைசியில் ஒரு தடவை விரல் நிமிர்ந்து அப்படியே நின்றது. அதுதான். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து அவளும் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து கரண்டு போய், யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. பதறி, சேவ் பண்ணி நிறுத்தினாள். அடுத்த சுரத்தில் ஏற்றிவிடவில்லை. சாயங்காலம் அவர் போய்விட்டார்.

"ராஜாராம், அதுல கைய வெக்காத!"

எழுந்தாள். பக்கத்தில் இருந்த சுலோச்சனா, தேவராஜனின் அக்கா, அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கடி போற? பொணத்த எடுக்கற வரிக்கும் பொண்டாட்டி தலமாட்ட வுட்டு எந்திரிக்கக் கூடாது. ஊரு இன்னா பேசும்?"

"அவருக்கு வேல பாக்கி கீதுக்கா. முடிச்சிட்டு வந்துடறேன்."

சுலோச்சனா தம்பி முகத்தைப் பார்த்தாள். முந்தானையை விட்டாள்.

கழுத்தில் மாலையும் நெற்றி நிறையக் குங்குமமுமாக லீலாவதி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ராஜாராம் ஒதுங்கி நின்றான். அவர் பாடுபட்டுப் பிடித்த சுரத்தை அவள் தொடவில்லை. அதற்கு அடுத்ததைத் தட்டினாள். கட்டம் திறந்தது. ஒரு எண் தப்பாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள்.

"இப்ப வுடு."

சுரம் இறங்கியது. அடுத்தது ஏறி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. டிரம்பெட் சேர்ந்தது.

"அடேங்கப்பா," என்றான் ராஜாராம். "இத்தயா இம்மா நாளா தேடிக்கினு இருந்தாரு?"

"ஆமா," என்றாள் லீலாவதி. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சத்தமாகவே அழுதாள். வெளியே மணி அந்த ஒரு இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் வழுக்கியது. அப்புறம் கொஞ்சம் மேலே நின்றது.

தூக்கினார்கள். பெண்கள் தெருக் குழாய் வரைதான் போகலாம். சுலோச்சனா லீலாவதியின் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாடை ஏரிக்கரைப் பக்கம் போனது. முதுகுகளும் தூசியும்தான் தெரிந்தன. மெட்டு மட்டும் தெளிவாகக் கேட்டது.

முனை திரும்பும்போது டிரம்பெட் நின்றது. மணியின் கிளாரினெட் தனியாக வந்தது. கொஞ்சம் இறங்கியது. இன்னும் கொஞ்சம்.

லீலாவதியின் ஆள்காட்டி விரல் நிமிர்ந்தது.

"இன்னாடி?" என்றாள் சுலோச்சனா.

அவள் அடுத்த சுரம் ஏறி வரும் வரைக்கும் விரலை அப்படியே வைத்திருந்து, பிறகு மடக்கிக்கொண்டாள்.