கண்ணாடிப் பெட்டியில் அக்னஸ்

சைக்கிள் மணி நிற்காமல் அடித்தது, தீப்பிடித்த வீட்டுக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி. செல்வமேரி மாவுக் கையோடு வாசலுக்கு ஓடினாள். ஸ்டூடியோ ரெங்கராஜ் சைக்கிளை விட்டு இறங்கக்கூடப் பொறுமை இல்லாமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, வாயைத் திறக்காதீங்க, ஈ பூந்துடும். இதைப் பாருங்க!"

உறையிலிருந்து அவன் உருவியது அவள் மகள் அக்னஸின் படம். கலரில்.

"சிங்கப்பூர்லேருந்து சிநேகிதன் கொண்டாந்த ரோல். கடைசியா ஒண்ணு பாக்கி இருந்துச்சு. அன்னிக்குத் தங்கச்சிய ரெண்டாவது தடவை உக்கார வெச்சு வேற காமிராவுல எடுத்தேனே, அதுதான். பம்பாய்ல கழுவி வந்திருக்கு. பிலிம்ல மூணு பூச்சு அக்கா. நீலத்துக்கு ஒண்ணு, பச்சைக்கு ஒண்ணு, சிவப்புக்கு ஒண்ணு. எதையும் விடாது."

எதையும் விடவில்லை. அக்னஸின் மாநிறம், ரோஜா நிறக் கண்ணாடி வளையல், சாயம் போன பழுப்பு ரவிக்கை எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் புடவை. ஆழ்ந்த நீலப் பட்டு, செம்பருத்திச் சிவப்பில் கரை. செல்வமேரி மாவுக் கையாலேயே படத்தைப் பிடுங்கிக் கவிழ்த்துப் பிடித்தாள்.

அது பங்குக் கோயில் மாதாவின் புடவை. ஜவுளிக்கடை ஸ்தனிஸ்லாஸின் மனைவி லூர்துராணி, புருஷன் பிழைத்து எழுந்ததற்கு நேர்ந்துகொண்டு, திருபுவனத்தில் சொல்லி நெய்து போட்டது. மாதா சுரூபத்தின் மேலாடை நீலம் அப்படியே வரவேண்டும் என்று தறிக்காரரை மூன்று முறை சாயம் மாற்ற வைத்தாள். அப்படி ஒரு நீலம் ஊரில் வேறு யாரிடமும் கிடையாது. செல்வமேரியின் கணவர் அமிர்தசாமி அந்தக் கோயிலில் கோயில்பிள்ளை. மணியடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது அவர் வேலை. மாதாவுக்குப் புடவை சாத்துவதும் மடித்து அலமாரியில் வைப்பதும் அவள் வேலை. குடியிருக்கும் வீடும் கோயில் வீடுதான்.

அக்னஸுக்கு வரன் பார்த்துத் தருவதாக லூர்துராணியே சொன்னாள். தொட்டியத்தில் அவளுக்கு ஒன்றுவிட்ட தம்பி மகன். போட்டோ வேண்டும் என்றாள். வீட்டில் இருந்ததெல்லாம் நூல் புடவைகள். செல்வமேரி கோயில் அலமாரியைத் திறந்தாள். "வேணாம்மா, மாதா புடவைம்மா" என்று அக்னஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். "போட்டோவுல கலர் எங்கடி தெரியப்போவுது? எல்லாம் கறுப்பும் வெள்ளையுந்தானே. ஒரு மணி நேரம் கட்டிட்டு மடிச்சு வெச்சுடப்போறோம். மாதாவும் பொண்ணைப் பெத்தவளா இருந்தா கோவிச்சுக்க மாட்டா" என்று அதட்டித்தான் கட்டிவிட்டாள். பெண் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தது. ரெங்கராஜ் அதை வெட்கம் என்று நினைத்து, "அப்படியே இரு தங்கச்சி, அழகா இருக்கு" என்றான்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் புடவையும் சாம்பல், கரையும் சாம்பல், ரவிக்கைகூடப் பொருத்தமாகத்தான் தெரிந்தது. லூர்துராணி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பட்டு நல்லாருக்கே, யாரு எடுத்துக் குடுத்தது?" என்று கேட்டாள். "மணப்பாறையில இவ சித்தி" என்று செல்வமேரி கண்ணிமைக்காமல் சொன்னாள். படத்தை எடுத்துக்கொண்டு தொட்டியம் போனவள் இன்று காலை பஸ்ஸில் திரும்புகிறாள், பதிலோடு.

"பெரிசு பண்ணி நம்ம ஷோகேஸ்ல வெச்சிருக்கேன் அக்கா. திருச்சியில எந்தக் கடையிலயும் இப்படி ஒண்ணு இல்ல. சத்திரம் பஸ் ஸ்டாண்டே நம்ம வாசல்ல நிக்குது!"

"தம்பி, அதை எடுத்துடுங்க."

"கண்ணு படும்னு பாக்குறீங்களா? பூசணிக்காய் ஒண்ணு கட்டித் தொங்க விட்டுடறேன்!" அவன் மணியடித்துக்கொண்டே பறந்துவிட்டான்.

உள்ளிருந்து எட்டிப் பார்த்த அக்னஸ், அம்மாவின் கையிலிருந்த படத்தை வாங்கிப் பார்த்தாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் ஸ்டூடியோவை நோக்கிக் கிட்டத்தட்ட ஓடினார்கள். வழியெல்லாம் செல்வமேரி சொல்லவேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். ஒருவேளை லூர்துராணி பார்த்துவிட்டிருந்தால், காலில் விழுந்து, நான்தான் செய்தேன் என்று சொல்லிவிடவேண்டும். சொன்னால் பங்குச் சாமியார் காதுக்குப் போகும். அலமாரியை நம்பி ஒப்படைத்தவளே எடுத்தாள் என்றால், அமிர்தசாமிக்கு வேலை ஏது, வீடு ஏது? சொல்லாவிட்டால்? அதை யோசிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்டூடியோ வாசலில் கும்பல். "சாயம் தடவினது இல்லப்பா, நெசமாவே கலரு" என்றான் ஒரு வாழை இலைக்காரன். "பொண்ணு மூச்சு விடுது பாரு" என்றது இன்னொரு குரல். கும்பலின் முன்வரிசையில், தொட்டியத்து வாழைத்தார் காலடியில் கிடக்க, லூர்துராணி கண்ணாடிக்கு நேராக நின்றுகொண்டிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியவள் அப்படியே வந்து நின்றிருக்க வேண்டும். அவள் திரும்பினாள். முகத்தில் கோபம் இருந்திருந்தால் செல்வமேரிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் குழம்பிப்போய், தான் ஏதோ தப்பாகப் பார்க்கிறோமோ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவங்களுக்குப் புடிச்சிருக்காம்" என்றாள் மெதுவாக. "அதைச் சொல்லத்தான் வந்தேன்." பிறகு கண்ணாடியைக் காட்டினாள். "செல்வமேரி, இது என்னோட நீலம்தானே?"

செல்வமேரி வாயைத் திறந்தாள். வழியெல்லாம் கூட வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. பார்வை வாழைத்தாரில் போய் நின்றது. சுற்றி நின்றவர்கள் படத்தையும் அக்னஸையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாரோ, "அட, இந்தப் பொண்ணுதான்!" என்றார்கள்.

அக்னஸ் அம்மாவைப் பார்த்தாள். பிறகு ஓரடி முன்னால் வந்தாள்.

"அம்மா வேணாம்னுதான் சொன்னாங்க பெரியம்மா. நான்தான் கேக்கல."