ரெகுலேட்டரில் பிளாஸ்திரி

சேஷன் வீட்டு ஃபேன்களுக்கு ஐந்து வேகம் உண்டு என்பது ஸ்ரீவராகம் தெருவில் யாருக்கும் தெரியாது. இரண்டாம் எண்ணுக்கு மேல் குமிழ் திரும்பாதபடி எல்லா ரெகுலேட்டரிலும் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தார். சர்வே துறையில் முப்பத்திரண்டு வருஷம் ஊரார் நிலத்தை அளந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அளப்பதற்கு மிச்சமிருந்தது வீட்டுக் காற்றுதான்.

அவர் மனைவி சாவித்ரிக்கு இது வெகுநாள் ஒரு பொருட்டாகவே படவில்லை. ட்ரெஷரியில் வேலை. அங்கே அவள் தலைக்கு மேல் அரசாங்க ஃபேன் கழன்று விழுகிற வேகத்தில் சுற்றும். பகலெல்லாம் அதனடியில் இருந்துவிட்டுச் சாயங்காலம் வந்தால் இரண்டாம் எண் போதுமானதாக இருந்தது. போன மே முப்பத்தொன்றாம் தேதி பொன்னாடை போர்த்தி அவளை அனுப்பிவைத்தார்கள். உடனே ஜூனில் மலையாள நாட்டு மழைக்காலம் வந்ததால் ஒன்றும் தெரியவில்லை. இந்த வருஷம் ஜனவரியிலேயே வெயில் தொடங்கிய பிறகுதான், தான் வாழ்க்கைப்பட்ட வீடு எப்பேர்ப்பட்ட அடுப்பு என்று அவளுக்குப் புரிந்தது. மத்தியானம் படுத்தால் தூக்கம் வராது. வயசாகிவிட்டது, அதுதான் இந்த அசதி என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஜனவரிக் கடைசியில் எதிர்வீட்டு ஜெயந்த் வந்தான். கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் சாஃப்ட்வேர் வேலை, தெருச் சங்கத்தில் செயலாளர் பதவி, இரண்டையும் ஓடிக்கொண்டே பார்க்கிறவன். சங்கமும் ஒரு ஏசி கம்பெனியும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டிருந்தன. ஏப்ரல், மே பில்லில் கரண்டை முப்பது சதவீதம் குறைத்துக் காட்டும் வீட்டுக்கு ஐந்து நட்சத்திர ஏசி பாதி விலை. எதிலிருந்து முப்பது என்று சேஷன் கேட்டார். முந்தைய பில்லிலிருந்து, மீதி எல்லாம் ஃபாரத்தில் இருக்கிறது மாமா என்று சொல்லிவிட்டு அவன் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் பறந்துவிட்டான்.

சேஷனுக்கு ஏசி வேண்டாம். பாதி விலை வேண்டும். ஆனால் குறைப்பதற்கு வீட்டில் என்ன எரிகிறது? ஃபாரத்தின் முதல் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். சாப்பாட்டுக்கு உட்காரும்போது முகம் தெளிந்திருந்தது. குறைக்க வழியில்லை என்றால் முதலில் ஏற்ற வேண்டும். பிப்ரவரி, மார்ச் பில் எவ்வளவு பெருக்கிறதோ அவ்வளவு சுலபமாக ஏப்ரலில் அது இளைக்கும்.

"சாவித்ரி, இன்னிலேர்ந்து ரெண்டு மாசம் நீ எதையும் அணைக்கப்படாது," என்றார்.

அவரே நாற்காலி போட்டு ஏறி பிளாஸ்திரிகளை உரித்தார். ஃபேன்கள் ஐந்தில் சுற்றின. முதல் நாள் அவற்றிலிருந்து கொட்டிய தூசியைக் கூட்டியள்ள அரை மணி நேரமாயிற்று. வருஷக்கணக்கில் தூங்கிய கீசர் விழித்துக்கொண்டது. பகல் பன்னிரண்டு மணிக்கு வாசல் விளக்கு எரிந்தது. ஆளில்லாத அறையில் ஃபேன் எதற்கு என்று சாவித்ரி கேட்டால், யூனிட் ஏற வேண்டாமா என்று சீறினார். தினமும் காலையில் மீட்டர் முன்னால் நின்று, பிள்ளையின் மார்க் போதவில்லை என்பதுபோல உதட்டைப் பிதுக்குவார். அதுவும் பத்தாது என்று தெருவில் யார் வேண்டுமானாலும் இட்லிக்கு இங்கே வந்து அரைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். ஜெயந்தின் ஸ்கூட்டர்கூட இவர் வீட்டு வாசலில்தான் சார்ஜ் ஏறியது. மாமாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தெரு முழுக்கப் பேச்சு. ஆனாலும் மாவு அரைக்க எல்லோரும் வந்தார்கள்.

சாவித்ரி தூங்கினாள். சாப்பிட்டுப் பாயை விரித்துப் படுத்தால் மூன்றரைக்குத்தான் கண் விழிப்பாள். எழுந்தால் உடம்பு லேசாக இருந்தது. அசதிக்கும் வயசுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, வெறும் புழுக்கம் என்று தெரிந்தபோது அவளுக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

மார்ச் கடைசியில் மீட்டர் பார்க்கிற ஷிஜா வந்தாள். எண்ணைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"எந்தா மாமி, இங்க வல்ல கல்யாணமும் நடந்தோ?" என்று, ஏதாவது கல்யாணம் நடந்ததா என்பதை மலையாளத்தில் கேட்டாள்.

அறுநூற்றுப் பத்து யூனிட். சேஷன் பில்லைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். அதை ஃபாரத்தோடு சேர்த்துக் குத்தி ஜெயந்த் வீட்டுக்கு விறைப்பாக நடந்தார். பத்து நிமிஷத்தில் தளர்ந்து திரும்பினார். ஜெயந்த் செய்ததெல்லாம் ஃபாரத்தைத் திருப்பிக் காட்டியது ஒன்றுதான். பின்பக்கத்தில் ஒரு வரி இருந்தது. முந்தைய பில் என்றால் போன வருஷம் இதே ஏப்ரல், மே மாதங்களின் பில்.

ஊரார் பத்திரத்தையெல்லாம் முன்னும் பின்னும் புரட்டிப் படித்தவருக்குத் தன் ஃபாரத்தைப் புரட்டத் தோன்றவில்லை. ஆனால் விட்டுவிடுகிற ஆளா அவர்? அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, அலமாரியிலிருந்து புது பிளாஸ்திரிச் சுருளை எடுத்துக்கொண்டு வந்தார். சாவித்ரி அப்போதுதான் பாயை விரித்திருந்தாள்.

போன வருஷம் தொண்ணூறு யூனிட், இந்த வருஷம் அறுபத்திமூன்றில் நிறுத்த வேண்டும் என்று விளக்கினார். ஃபேன் ஒன்றில் ஓடட்டும், அதுவும் ஒரு மணி நேரம். ஃப்ரிட்ஜை அணைத்துவிடலாம்.

"போன வருஷம் ஏப்ரல்ல நான் எங்க இருந்தேன்?" என்று சாவித்ரி கேட்டாள்.

"ஆஃபீஸ்ல."

"அப்போ பகல்ல நான் ஆத்துலயே இல்லே. அந்த ஏசி கிடைக்கணும்னா இப்பவும் நான் இல்லாத மாதிரி இருக்கணும். அதுலயும் முப்பது சதவீதம் கொறச்சு. அவ்வளவுதானே?"

சேஷன் பிளாஸ்திரிச் சுருளின் நுனியை நகத்தால் கிளப்பினார்.

"ஏசி வந்தா மட்டும் போட விடுவேளா? அதுக்கும் ஒரு பிளாஸ்திரி வாங்கிண்டு வருவேள்."

அவள் எழுந்து அவர் கையிலிருந்த சுருளை வாங்கினாள். குமிழை ஐந்துக்குத் திருப்பினாள். அது அங்கிருந்து அசைய முடியாதபடி குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என்று ஒட்டி, விரலால் நன்றாகத் தேய்த்துவிட்டாள். பில்லை இனிமேல் தன் பென்ஷனில் கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் படுத்தாள்.

சேஷன் கூடத்துக்குப் போய் அங்கிருந்த ஃபேனை ரோஷத்தோடு ஒன்றில் வைத்து உட்கார்ந்தார். ஈ ஒன்று அதன் இறக்கையில் உட்கார்ந்து சவாரி போனது. கால் மணி நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு அந்த ஃபேனை அணைத்துவிட்டுத் தலையணையோடு உள்ளே வந்து, பாயின் ஓரத்தில் சத்தமில்லாமல் சாய்ந்தார். காற்று சட்டைக்குள் புகுந்து முதுகு வரை போயிற்று. இரண்டு மாதமும் மீட்டரையே சுற்றிக்கொண்டிருந்தவருக்கு, இந்த வீட்டில் மத்தியானத்தில் இப்படி ஒரு இடம் இருப்பது தெரியாது.

கொஞ்ச நேரம் மேலே பார்த்துக் கணக்குப் போட்டார்.

"ஒரு ஃபேன்ல ரெண்டு பேர். தலைக்குப் பாதி யூனிட்தான் ஆறது, கேட்டியா?"

சாவித்ரி கேட்கவில்லை. தூங்கிவிட்டிருந்தாள்.