பிரிக்காத டீகாஃப் பாக்கெட்

எஸ்பிரஸோ என்றால் பால் விடாத கெட்டி டிக்காஷன். அதில் வெந்நீர் ஊற்றினால் அமெரிக்கானோ. சொட்டுப் பால் விட்டால் மக்கியாட்டோ, நிறைய விட்டால் லாட்டே, நுரை தூக்கலாக நின்றால் கப்புச்சினோ. அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புதிதாகத் திறந்த காபி கடையில் வேலைக்குச் சேர்ந்த மணிமொழி, வாயில் நுழையாத பெயர்களையெல்லாம் இப்படித் தன் ஊரான ஆண்டிமடத்துக் காபியாக மாற்றித்தான் மனப்பாடம் செய்திருந்தாள். பெரும்பாலும் சரியாகவே வந்தது. டீகாஃபில்தான் கோட்டை விட்டாள்.

அவள் வீட்டுப் பக்கம் டாக்டர் காபி வேண்டாம் என்றால் யாரும் காபியை விடமாட்டார்கள். 'லைட்டா' குடிப்பார்கள். டிக்காஷனைக் குறைத்துப் பாலை ஏற்றினால் தீர்ந்தது. டீகாஃபும் அதுதான் என்று இவளாகவே முடிவு கட்டிவிட்டாள். மேனேஜர் ராஜதுரையிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஊரைக் கூட்டி மானத்தை வாங்குவார் என்று பயம்.

ஓய்வுபெற்ற வாத்தியார் இருதயநாதனும் மனைவி இன்னாசிமேரியும் மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து தினமும் வருவார்கள். "சாருக்கு ஹார்ட்டு சரியில்லம்மா. நெஞ்சு கன்னாபின்னான்னு அடிச்சுக்குது. டீகாஃப் மட்டும் குடு, வேற எதும் குடுத்துறாத" என்று இன்னாசிமேரி முதல் நாளே கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். மணிமொழியும் பாலை ஏற்றிக் கொடுத்தாள்.

இன்று காலை ராஜதுரை அலமாரியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, டீகாஃப் பாக்கெட்டப் பிரிக்கவே இல்லையா? அந்த வாத்தியாருக்கு எதப் போட்டுக் குடுக்குற?"

"பாக்கெட்டா சார்?"

"காஃபீனை எடுத்துட்ட காபிக்கொட்டைம்மா அது. நெஞ்சு படபடப்பு வராது. அதுக்குன்னு தனியா வருது."

மணிமொழியின் கையிலிருந்த பால் குவளை தரையில் விழுந்தது. பூசை முடிந்து ஆட்கள் வந்து போனார்கள். வாத்தியாரையும் மனைவியையும் மட்டும் காணோம். கடை வாசலில் நின்று தெருவையே பார்த்தாள். ஒரு ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டு போனபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நான் கொன்றுவிட்டேன், ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன் என்று மனம் அடித்துக்கொண்டது.

வெயில் ஏறிய பிறகு ஆட்டோ வந்து நின்றது. இருதயநாதன் இறங்கி முதலில் உள்ளே வந்தார். முகம் வெளுத்திருந்தது. மணிமொழி ஓடிப்போய் மூச்சிரைத்தபடி சொன்னாள்.

"சார், நான் தந்தது டீகாஃப் இல்லீங்க. நெசக் காபிங்க. தெரியாமப் பண்ணிட்டேன்."

வாத்தியார் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மொத நாளே எனக்குத் தெரியும். நாக்குக்குத் தெரியாதா? அவகிட்டச் சொல்லிறாத. வழக்கம்போலப் போடு."

அவள் பயம் இரட்டிப்பானது. அதற்குள் இன்னாசிமேரி வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "ராத்திரி பூரா இவருக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருந்துச்சும்மா. டாக்டரப் பாத்துட்டுதான் வர்றோம். மாத்திரைய ஏத்திட்டாரு. ஏன் இப்படி ஆவுதுன்னு டாக்டருக்கே புரியலையாம்."

வாத்தியார் கண்ணாலேயே கெஞ்சினார். கல்லாவிலிருந்து ராஜதுரை பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் வேலை போய்விடும். திறக்காவிட்டால் இந்த மனிதர் போய்விடுவார். மணிமொழி சொல்லிவிட்டாள்.

"அம்மா, காபியாலதாங்க. டீகாஃப்னா என்னன்னு தெரியாம, தினமும் சாதாக் காபியத்தான் பாலு கூட விட்டுக் குடுத்தேன்."

திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். விழவில்லை. இன்னாசிமேரி அவளைப் பார்க்கவே இல்லை, கணவரைத்தான் பார்த்தார்.

"நாப்பது வருசமா என் காபியில நொட்ட சொன்ன மனுசன் நீங்க. உங்களுக்கா இது தெரியல?"

இருதயநாதன் மேசையையே பார்த்தார்.

"தெரிஞ்சேதான் குடிச்சீங்களா?" இன்னாசிமேரியின் குரல் உடைந்தது. "ராத்திரி உங்க நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே, அப்பகூட ஒரு வார்த்த சொல்லத் தோணலையா?"