என்ன குடி?

பட்டிருப்புப் பாலத்தால் போனால் கிட்ட. விஜிதரன் அந்த வழியால் போகவில்லை. பழுகாமத்தில் இருந்து பாலத்தால் போகிற எந்த பஸ்ஸிலும் தெரிந்த முகம் நாலு இருக்கும். எங்கே போகிறாய் என்று கேட்கும். ஆகவே மண்டூர்த் துறை வரைக்கும் சைக்கிளை மிதித்து, அதைப் பாதை என்கிற மிதவைப் படகில் ஏற்றி, வாவியைக் கடந்து குறுமண்வெளியில் இறங்கினான்.

குடியை நிறுத்திப் பதினொரு நாள். பதினொரு நாளும் வட்டைக்குள், வயல் காவல் குடிசையில் படுத்தான். வீடு மனைவி வதனியின் சீதனம்; சண்டை வந்தால் வெளியே போகவேண்டியது அவன்தான். குடியை விடப் போன கிளினிக்கில் மிஸ் சொன்ன கூட்டத்தைப் பற்றிப் போனில் சொன்னபோது வதனி அதிகம் பேசவில்லை.

"போய் இரிந்து முடிச்சிற்று வாங்க. போகாட்டி இந்தப் பக்கம் வராதீங்க."

சனிக்கிழமை, நாலு மணி, குறுமண்வெளி. கட்டடத்தின் பெயரையும் மிஸ் சொல்லித்தான் இருந்தார். மறந்துபோய்விட்டது. திரும்ப எடுத்துக் கேட்க வெட்கம்.

சந்திக் கடையில் இரண்டு பெண்கள் சாமான் வாங்கிக்கொண்டு நின்றார்கள். குடியை நிறுத்தினவர்களின் கூட்டம் என்று முழுதாய்ச் சொல்ல வாய் வரவில்லை. நடுவில் இருந்ததை விழுங்கிவிட்டான்.

"அண்ணன், இஞ்ச இந்தக் குடி... கூட்டம் எங்க நடக்குது?"

"குடிக் கூட்டமா? கோயில் மண்டபத்தில. இப்பதான் துவங்கினது, கெதியாப் போங்க."

கடைக்காரர் சத்தமாகவே சொன்னார். பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நல்ல ஊர் என்று விஜிதரன் நினைத்தான்.

மண்டபத்தில் நாற்பது பேராவது இருந்தார்கள். இவ்வளவு பேரா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தான். முன்னால் ஒருவர் எழும்பி நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"ஏழு தலைமுறையா எங்களுக்கு இதே குடிதான். இதை நாங்க ஒருக்காலும் ஒளிச்சதில்ல. இனி எங்கள ஒதுக்க நினைச்சா விடமாட்டம்!"

கை தட்டினார்கள். கிளினிக்கில் சொன்னது வேறு மாதிரி. ஆனாலும் ஒளிச்சதில்ல என்றது அவனுக்குப் பிடித்திருந்தது.

தலைமை தாங்கிய இராசதுரை அவனைக் கண்டார். "பின்னுக்கு இரிக்கிற தம்பி புதுமுகம். எந்த ஊர்?"

"பழுகாமம், ஐயா."

"என்ன குடி?"

எழும்பினான். இதைச் சொல்லத்தானே இவ்வளவு தூரம் வந்தது.

"சாராயம், ஐயா. கிடைக்காட்டி கசிப்பு."

இராசதுரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, நான் உங்கட தாய்ர குடியக் கேட்டன்."

"அம்மா தொடமாட்டா. அப்பாதான்."

மண்டபம் வெடித்தது. "சாராயக் குடிக்கும் ஒரு திருவிழா எழுதுங்க!" என்று ஒருவன் கத்தினான். "கொடியேத்தத்தையே குடுப்பம்!" என்றான் இன்னொருவன்.

வாவிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடி என்றால் முதலில் தாய்வழி வம்சம். எந்தத் திருவிழா எந்தக் குடிக்கு என்று வழக்கு வரைக்கும் போவார்கள். போத்தல் அதற்குப் பிறகுதான். பிறந்ததில் இருந்தே அவனுக்கும் இது தெரியும். அன்றைக்கு அவன் மண்டைக்குள் இருந்தது மற்றக் குடி மட்டும்.

"இது பழுகாமத்து வதனிட புருசனெல்லோ?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. அதோடு வெளியே வந்துவிட்டான்.

சைக்கிளைப் பிரதான வீதிப் பக்கம் திருப்பினான். அங்கே சாராயக் கடை திறந்திருக்கும். வேறு யோசனை எதுவும் அவனிடம் இருக்கவில்லை.

"தம்பி, அங்கால இல்ல. இஞ்சால."

மண்டபத்தில் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர், கையில் கொப்பியோடு நின்றார். பேர் வல்லிபுரம் என்றார்.

"என்ன இஞ்சால?"

"நீங்க தேடி வந்த கூட்டம். பாலர் பாடசாலையில. வாங்க, நானும் அங்கதான்."

மண்டபத்து யன்னல் எல்லாம் தலைகள். வல்லிபுரம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "பார்க்கட்டும்" என்றார். கொப்பி வியர்வையில் வளைந்திருந்தது.

பாலர் பாடசாலையில் ஏழு பேர், நாலு வயதுப் பிள்ளைகளின் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். நடத்தியவர் ஏறாவூர் நௌஷாட்.

"பேர் மட்டும் போதும். ஊர் வேணாம். இஞ்ச கதைக்கிறது வெளிய போகாது."

"வெளியதான் முதல்ல போயிற்று, நௌஷாட் நானா" என்றான் விஜிதரன்.

வல்லிபுரம் சிரித்தார். பிறகு அவரே தொடங்கினார். "ரெண்டு வருசம் விட்டிருந்தன். முந்தநாள் குடிச்சிற்றன். இண்டைக்கு இஞ்ச வராம இரிக்கத்தான் கோயில் கூட்டத்துக்குப் போனன்."

பக்கத்தில் இருந்தவர் அவருக்குக் கதிரையை நகர்த்திக் கொடுத்தார். நௌஷாட் விஜிதரனைப் பார்த்து, "நீங்க எத்தின நாள்?" என்று கேட்டார்.

"பதினொண்டு."

அப்போது போன் அடித்தது. வதனி. எடுக்கச் சொல்லி நௌஷாட் கையைக் காட்டினார்.

"கோயில்ல எழும்பி சாராயமெண்டு சொன்னீங்களாம்?"

"ஓம்."

"அவ்வளவு சனத்துக்கு முன்னால?"

"ஓம். அது பிழையான கூட்டம். இப்ப சரியானதில இரிக்கன்."

அவளின் அடுப்படியில் ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டது.

"முடியுமட்டும் இரிங்க. இடையில எழும்பி வராதீங்க" என்றாள். "வரக்குள்ள பாலத்தால வாங்க. இனி என்னத்துக்குச் சுத்தி வாற?"