புன்னை எண்ணெயில் ஓடிய இன்ஜின்

என் வீட்டுக்காரர் ஜெய்சனுக்கு ஒரே ஒரு விதிதான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அதையும் கோட்டை விட்டார்.

நெல் பால் பிடிக்கிற நேரத்தில் கால்வாயில் தண்ணீர் நின்றுவிட்டது. கிணற்றில் தண்ணீர் உண்டு. ஆனால் டீசல் விற்கிற விலைக்கு இறைத்தால் கட்டுப்படியாகுமா? பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள் நான். சர்ச் வளாகத்துப் புன்னைக் கொட்டைகளைப் பொறுக்கி, செக்கில் ஆட்டி, கசடு நீக்கி, எங்கள் பழைய டீசல் இன்ஜினுக்கு ஊற்றினேன். "டீச்சர் விளக்கெரிக்கிற எண்ணெயில தண்ணி இறைக்காவ" என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். சின்ன வயல் நனைந்துவிட்டது. பெரிய வயல்தான் வெடித்துக் கிடந்தது.

விதி இதுதான்: டீசலில் கிளப்பி, சூடானதும் எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்தும் முன் மறுபடியும் டீசலில் ஓடவிட வேண்டும். இல்லையென்றால் ஆறிய எண்ணெய் குழாயில் பிசின் மாதிரி அடைத்துக்கொள்ளும்.

பெரிய வயலுக்கு இறைக்கத் தொடங்கிய அன்று பக்கத்து வயல் சங்கிலிபூதத்தானின் அப்பாவைச் சுடுகாட்டுக்குக் கொண்டு போனார்கள். பாடை கடக்கும்போது இன்ஜின் ஓடுவது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. ஜெய்சன் ஓடிப்போய் அணைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். பிறகு கைப்பிடியை எவ்வளவு சுற்றியும் அது கிளம்பவில்லை.

"டீசலுக்கு மாத்துனீங்களா?"

"பெரியவர் போறாருட்டி. அந்நேரம் குழாயத் திருகிக்கிட்டு நிக்க முடியுமா?"

வாய்க்கு வந்தபடி ஏசினேன். பெரிய வயலைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் குளிக்க எங்கள் கிணற்றுக்குத்தான் வந்தார்கள். மொட்டைத் தலையோடு நின்ற சங்கிலிபூதத்தான் விஷயத்தைக் கேட்டான்.

"எங்க ஐயாவுக்காவத்தான நிறுத்துனிய, அண்ணாச்சி? ஏலே, வந்து பிடிங்கல."

சுள்ளி பொறுக்கி வெந்நீர் வைத்தார்கள். நான் சொல்லச் சொல்லக் குழாயைக் கழற்றிக் கழுவி மாட்டி, டீசலை விட்டு, ஆள் மாற்றி ஆள் சுற்றினார்கள். கரும்புகை கக்கிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. சூடானதும் எண்ணெய்க்கு மாற்றினேன். அவர்கள் குளித்த தண்ணீரும் சேர்ந்து பெரிய வயலுக்குப் பாய்ந்தது. வெயில் தாழ்வதற்குள் கடைசி வரப்பு வரை நனைந்துவிட்டது. பயிர் பிழைத்தது.

ஈர வேட்டியோடு சங்கிலிபூதத்தான் தயங்கித் தயங்கி வந்தான். என்னைப் பார்த்து அதிகம் சிரித்தவன் அவன்தான்.

"டீச்சர், எங்க ஐயா வச்ச புன்னை வயலோரம் வரிசையா நிக்கு. கொட்டை சும்மா உதிர்ந்து கெடக்கு. காரியம் முடியவும் பெறக்கிட்டு வாரேன். எங்க இன்ஜினுக்கும் ஆட்டித் தருவியளா?"

"கொண்டு வா" என்றேன். பிறகு டீசலுக்கு மாற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, இன்ஜினை நிறுத்தினேன்.